சுவருக்கு அந்தப் பக்கத்துத் தூக்கம்

குறட்டை இன்னும் வரவில்லை. காலை எட்டு இருபதுக்குப் படுத்தேன், இப்போது ஒன்பது பத்து இருக்கும், எதிர்வீட்டுக்காரி தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைக்கிற சத்தம் ஒன்பது மணிக்குத்தான் வரும், அது வந்து கொஞ்ச நேரமாயிற்று. வழக்கமாக எட்டே முக்காலுக்கெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் சவரிமுத்து ஆரம்பித்துவிடுவான். முதலில் பால் பொங்கி அடுப்பில் வழிகிற மாதிரி ஒரு சீறல், பிறகு ஒரு நிறுத்தம், அந்த நிறுத்தத்தில் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன், இன்றைக்காவது கலைந்துவிட்டதோ என்று, கலையாது, மாவு மில்லில் பெல்ட்டை மாட்டினதுபோல ஒரே சீராக ஓட ஆரம்பித்துவிடும். லைன் வீடு, ஒற்றைச் செங்கல் சுவர். அவன் கட்டிலின் தலைமாடும் என் கட்டிலின் தலைமாடும் ஒரே சுவரை முட்டிக்கொண்டு கிடக்கின்றன. சுவரை எடுத்துவிட்டால் ஒரே தலையணையில் படுத்திருக்கிறோம் என்றுகூடச் சொல்லலாம், ஒருத்தன் தூங்குகிறான், இன்னொருத்தன் அவன் தூங்குவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஒரே பால் பண்ணை, ஒரே ராத்திரி ஷிப்ட், பத்திலிருந்து ஆறு, அவன் பாக்கெட் அடிக்கிற மெஷினில், நான் விழுகிற பாக்கெட்டை அள்ளி ட்ரேயில் அடுக்குகிற இடத்தில், பதினெட்டு வருஷம். ஒரே வேனில் வந்து இறங்குகிறோம். தூக்கம் மட்டும் அவன் வீட்டில் இறங்குகிறது, என் வீட்டைத் தாண்டிப் போய்விடுகிறது. இன்றைக்குக் காலையில் வேனில் அவன் கண்ணாடி போடவில்லை. எதிர் சீட்டில் உட்கார்ந்து, புருவத்துக்கு மேலே கையைக் குடை மாதிரி வைத்துக்கொண்டு, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். இருக்கிறவன் இப்படித்தான். வேண்டிய மட்டும் தூங்கியாயிற்று, ஒரு நாள் போனால்தான் என்ன என்கிற தெம்பு. வீடு வந்து சேருகிற வரைக்கும் அந்த வெறும் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன், தினமும் வேனில் ஏறினதும் டிபன் பையிலிருந்து எடுத்துப் பிரிக்கிற பேப்பரை இன்றைக்குத் தொடக்கூடத் தோன்றவில்லை.

கண்ணாடி என்றால் பார்வைக்குப் போடுகிற கண்ணாடி இல்லை. மெடிக்கல் காலேஜிலிருந்து டாக்டர் நிலோஃபர் கொண்டுவந்த ஆராய்ச்சிக் கண்ணாடி, ஆரஞ்சு மிட்டாய் நிறம், பக்கவாட்டிலும் வெளிச்சம் புகாமல் காதுவரை மறைக்கும். விடிகாலை வெளிச்சத்தில் நீலம் இருக்கிறதாம், அது கண் வழியாகப் போய் மூளையை எழுப்பிவிடுகிறதாம், ராத்திரி வேலை முடித்து வீட்டுக்குப் போகிறவன் அந்த நீலத்தைக் கண்ணுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டால் படுத்ததும் தூக்கம் வருமா வராதா, அதைப் பார்க்கத்தான் பன்னிரண்டு வாரச் சோதனை. நாற்பது பேர் வேண்டும், இருபது பேருக்குக் கண்ணாடி, இருபது பேருக்கு வெறும் அறிவுரைத் தாள். கேன்டீனில் அந்த அம்மா விளக்கியபோது யாருக்கும் புரியவில்லை. நான்தான் எழுந்து நின்று புரியவைத்தேன். பத்தாவதோடு நின்றவன்தான், ஆனால் நூலகத்தில் மருத்துவப் பக்கம் ஒன்றையும் விட்டதில்லை, மாத்திரை அட்டைக்குள் மடித்து வைக்கிற பொடி எழுத்துத் தாளைக்கூட விரித்து வைத்துப் படிக்கிறவன், பண்ணையில் எனக்குப் பெயரே வாத்தியார். “எல்லாருக்கும் குடுத்துட்டா கண்ணாடியாலதான் தூங்கினோம்னு எப்படித் தெரியும்? சிலருக்கு இல்லாம இருந்தாத்தான் ஒப்பிட முடியும். அதுவும் சீட்டுப் போட்டுத்தான் பிரிக்கணும், ஆளு பாத்துக் குடுக்கக் கூடாது. யாருக்கு எது வந்தாலும் வருத்தப்படக் கூடாது.” வருத்தப்படக் கூடாது என்று நான்தான் சொன்னேன், நாற்பது பேர் சாட்சி. சவரி பாரத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு, “டாக்டரம்மா, வேற கலர் இருக்குதுங்களா? இதைப் போட்டுட்டுப் போனா எம் பொண்டாட்டி கதவ தெறக்க மாட்டா” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் ஒட்டின கவரைக் கிழித்தோம். அவன் கவருக்குள் ‘அ’. என் கவருக்குள் ‘ஆ’. ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

தாள் இதோ தலையணைக்குக் கீழே இருக்கிறது, மேலே பிறை நிலா படம், கீழே பத்துக் கட்டளை. படுக்கையறை அமைதியாக இருக்கட்டும். இப்போது தெருவில் ஒருத்தன் மைக் வைத்து வெங்காயம் நாலு கிலோ நூறு என்கிறான், பதிவு பண்ணின குரல், அதற்கு மூச்சு வாங்காது. அறை இருட்டாக இருக்கட்டும். ஜன்னலுக்கு ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டியைப் பிரித்து அடைத்திருக்கிறேன், ஆணி அடித்த ஓட்டை வழியாக ஒரு வெயில் கம்பி நீட்டி நேராக என் முழங்காலைத் தொடுகிறது, பத்து மணிக்கு இடுப்புக்கு வரும், பதினொன்றுக்கு நெஞ்சுக்கு வரும், நெஞ்சு. மனக்கவலையைத் தவிர்க்கவும் என்று ஏழாவது கட்டளை, எழுதினவர் எந்த ஷிப்ட் பார்த்தாரோ. ராத்திரி வேலை பார்க்கிறவர்களுக்கு இதய நோய் வாய்ப்பு நாற்பது சதவீதம் அதிகம் என்று ஒரு செய்தி வந்தது, வெட்டி வைத்திருக்கிறேன். எந்த ஊரில், எத்தனை பேரிடம், எத்தனை வருஷம் பார்த்தார்கள் என்று ஒன்றும் போடவில்லை, பக்கத்திலேயே நகைக்கடை விளம்பரம். நாற்பது சதவீதம் என்றதும் பண்ணையில் பயந்துவிட்டார்கள், பாதிக்குப் பாதி ஆள் போய்விடுவோம் என்று. நான் வெண்ணெய் அட்டையின் பின்பக்கம் போட்டுக் காட்டினேன், அப்படி இல்லப்பா, நூறு பேரில் பத்துப் பேருக்கு வருகிற வியாதி பதினாலு பேருக்கு வரும், அவ்வளவுதான், கூட நாலு பேர். எல்லோரும் மூச்சு விட்டார்கள். எனக்கு மட்டும் அந்த நாலு பேர் இறங்கிப் போகவில்லை. செத்துப்போன என் அண்ணன் சிவஞானம் அந்த நாலில் ஒருத்தனா, அல்லது எப்படியும் போக வேண்டிய பத்தில் ஒருத்தனா, அதைச் சொல்ல எந்த ஆராய்ச்சியாலும் முடியாது. குடோனில் ராத்திரிக் காவல், பிளாஸ்டிக் நாற்காலி, விடிந்து டீக்காரன் கிளாஸை நீட்டியிருக்கிறான், கை வாங்கவில்லை. நாற்பத்தொன்பது வயசு. வருகிற புரட்டாசியில் எனக்கு நாற்பத்தொன்பது. வெயில் கம்பி முழங்காலைத் தாண்டிவிட்டது.

என் மனைவி கலாவதி தையல் வேலைக்குப் போகும்போது சொல்லிவிட்டுப் போனாள், “சவரியண்ணன் மொகம் எப்படித் தெளிஞ்சு போச்சு பாத்தீங்களா, கண்ணுக்குக் கீழ கருப்பே இல்ல.” பார்த்தேன், பார்த்தேன். இப்படி ஒரு நாள் இல்லை, பன்னிரண்டு வாரமாகச் சொல்கிறாள், ஒருமுறை பாத்திரம் கழுவிக்கொண்டே, ஒருமுறை என் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே. பதினெட்டு வருஷத்தில் என் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதாக ஞாபகமில்லை. அவன் அந்தக் கண்ணாடியை மதித்தானா? அவன் மனைவி பிலோமினா அதைப் போட்டுக்கொண்டு வெங்காயம் நறுக்கியதை என் கண்ணால் பார்த்தேன். கோயில் திருவிழாவுக்குப் போட்டுப் போய்ப் படம் எடுத்துக்கொண்டான். அப்படி இருந்தும் அவனுக்குத் தூக்கம் வருகிறது. முதல் வாரத்தில் வேனில் ஒருநாள், “வாத்தியாரே, நாளைக்கு நீ போட்டுப் போயேன், என்ன கெட்டுப் போச்சு” என்று கழற்றி நீட்டினான். கை அரித்தது. ஆனால் வாய், இந்த வாய், “மாத்திப் போட்டா சோதனையே கெட்டுடும்யா, உனக்கு வந்தது நீதான் போடணும்” என்று பாடம் எடுத்தது. அவனும் நல்ல பிள்ளையாகத் திரும்பப் போட்டுக்கொண்டான். கூட ரெண்டு தடவை கெஞ்சியிருந்தால் வாங்கியிருப்பேனோ என்னவோ. கெஞ்சவில்லை. அன்றைக்குத்தான் ஆரம்பித்தேன்.

ஆளுக்கொரு குறிப்பேடு கொடுத்திருக்கிறார்கள், எத்தனை மணிக்குப் படுத்தோம், எத்தனை மணி நேரம் தூங்கினோம், தினமும் ஒரு வரி. சவரி முதல் நாளே தன் ஏட்டை என்னிடம் தள்ளிவிட்டான், “எங் கையெழுத்து எனக்கே தெரியாது, நான் சொல்றேன் நீ எழுதிடு.” சாயங்காலம் குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டே கத்துவான், “ஆறரை போட்டுக்க வாத்தியாரே!” தெருவே திரும்பிப் பார்க்கும், ஏதோ லாட்டரி விழுந்த மாதிரி. நான் அஞ்சு என்று எழுதினேன். ஏழு என்று கத்தினால் அஞ்சேகால். கறுப்புப் பேனா அவனுக்கு. நீலப் பேனாவில் எனக்கு, மூணரை தூங்கின நாளில் ஆறு, ரெண்டு தூங்கின நாளில் அஞ்சரை. கண்ணாடி இல்லாமலே ஒருத்தன் தூங்குகிறான் என்று ஒரு ஏட்டிலாவது இருக்கட்டும் என்று இருந்தது. அவனைவிட ஒரு மணி நேரம் வரை அதிகம், தாளில். தூக்கம் வராத பகலில் கண்ணை மூடிக்கொண்டு அந்த இரண்டு வரிகளை நினைத்துக்கொள்வேன், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும், வாயில் சர்க்கரை போடாமல் சர்க்கரையை நினைத்துக்கொள்கிற மாதிரி. ஆறாம் வாரம் டாக்டர் நிலோஃபர் ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அமிர்தலிங்கம் சார், இவ்வளவு நேர்த்தியா யாருமே எழுதலை. நீங்க எங்க துறைக்கு வந்திருக்க வேண்டியவர்” என்றார். அப்புறம் ஒரு பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தி, “கண்ணாடி இல்லாமலே உங்களுக்கு நல்லாத் தூக்கம் வருதே. ஆச்சரியமா இருக்கு” என்று என் முகத்தைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கருப்போடு உட்கார்ந்திருந்தேன். நான் சிரித்தேன். துறைக்கு வந்திருக்க வேண்டியவர். அதை வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஆனாலும் உண்மையை எழுதாமல் இருக்க முடியவில்லை, அதுதான் என் வியாதி. கட்டம் போட்ட என் சொந்த நோட்டு ஒன்று இருக்கிறது, வெட்டி ஒட்டின செய்திகளுக்குப் பின்னால், அதில் தினமும் நிஜக் கணக்கு. எனக்கு மூணரை, ரெண்டு, மூணு, ஒன்றேமுக்கால். அவனுக்கு அவன் கத்தினதுகூட இல்லை, சுவர் வழியாகக் குறட்டை ஆரம்பித்த நேரம், நின்ற நேரம், நானே கேட்டுக் குறித்தது. பொய்யே சொல்லவில்லை அவன். ஏழு என்றால் ஏழுதான். இன்றைக்கு எண்பத்து நாலாவது நாள், கடைசி நாள். மத்தியானம் மூணு மணிக்கு ஏட்டையும் கண்ணாடியையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். முடிவு நன்றாக வந்தால் ராத்திரி ஷிப்ட் இருநூறு பேருக்கும் கண்ணாடியும் ஜன்னலுக்குக் கறுப்புத் திரையும் கொடுக்க நிர்வாகம் ஒத்துக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்டு வாங்கினதும் நான்தான், கேன்டீனில் எழுந்து நின்று கேட்டேன், கைதட்டினார்கள். நாற்பது பேரில் ரெண்டு பேர் கணக்குப் பொய் என்றால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாமலும் போகலாம். ஆனால் நான் படித்திருக்கிறேனே, சின்னச் சோதனையில் ரெண்டு பேர் போதும், வித்தியாசம் இருக்கிறது என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவில் சில சமயம் ரெண்டே பேர்தான் நிற்கிறார்கள். அந்த ரெண்டு பேரும் ஒரே சுவரில் தலை வைத்துப் படுத்திருக்கிறார்கள். கட்டம் போட்ட நோட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். கொடுத்தால் அந்த அம்மா பக்கத்தோடு பக்கம் வைத்துப் பார்ப்பார், நேர்த்தியான கையெழுத்து, ரெண்டிலும் ஒரே கையெழுத்து, எங்கே குறைத்தேன், எங்கே கூட்டினேன், ஒருத்தன் இன்னொருத்தன் தூக்கத்தைப் பன்னிரண்டு வாரம் எப்படித் திருடினான் என்று கோடு போட்டுக் காட்டினது போல இருக்கும். கொடுக்காவிட்டால் இருநூறு பேர் அட்டைப்பெட்டியை அடைத்துக்கொண்டு படுப்பார்கள், வெயில் கம்பி வரும், முழங்கால், இடுப்பு.

இன்னும் குறட்டை வரவில்லை. ஒன்பதே முக்கால் இருக்குமா. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, சொல்வதற்கு என்ன, படட்டும், ஒரு நாள் படட்டும், புரண்டு புரண்டு படுத்தால் கட்டில் கயிறு எப்படி உறுத்தும் என்று அவனுக்கும் தெரியட்டும். அப்புறம் கவனித்தேன், புரள்கிற சத்தமும் இல்லை. இருமல் இல்லை. சொம்பு நகர்கிற சத்தம் இல்லை. அவன் கட்டிலின் ஒரு கால் ஆடும், எப்போதும் ஒரு டக் கேட்கும், அது இல்லை. பிலோமினா மகள் பிரசவத்துக்கு மணப்பாறை போய் நாலு நாளாகிறது. வீட்டில் அவன் மட்டும்தான். வேனில் கையைக் குடை மாதிரி வைத்துக்கொண்டு கண்ணைச் சுருக்கினானே, அது வெயிலுக்குத்தானா? முகம் வேர்த்திருந்ததா? சிரித்தானே. அண்ணனும் அன்றைக்கு ஷிப்டுக்குப் போகும்போது சிரித்துக்கொண்டுதான் போனான். நூறில் பத்து, கூட நாலு, அந்த நாலுக்கு முகவரி கிடையாதே. நான் அவன் தூக்கத்தைக் குறைத்துக் குறைத்து எழுதினேன், எழுதினது பலித்துவிடுமா, என்ன பைத்தியக்கார நினைப்பு, படித்தவன் நினைக்கிற நினைப்பா இது, கறுப்புப் பேனாவால் ஒருத்தன் நெஞ்சு நின்றுபோகாது. காதைச் சுவரில் வைத்தேன். சுண்ணாம்பு ஜில்லென்று ஒட்டியது. என் ரத்தம் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கதவைப் போய்த் தட்டலாம், தட்டினால் என்ன சொல்வது, குறட்டை வரலையே என்று பார்க்க வந்தேன் என்றா? விரல் முட்டியால் சுவரில் தட்டினேன். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை, பலமாக, காரை உதிர்ந்து தலையணையில் விழுந்தது.

“யாருய்யா அது, வாத்தியாரா?”

இருந்தான். எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது, அதோடு கூடவே ஒரு எரிச்சல்.

“தூங்கலியா சவரி?”

“எங்க தூங்குறது. கண்ண மூடினா உள்ள பட்டப்பகலா இருக்கு. செத்த பொணமாட்டம் அசையாம கெடந்து பாத்தேன், ஒண்ணும் நடக்கல. இப்படித்தான் தினமும் கெடக்கிறியா நீ?”

“அந்தக் கண்ணாடியப் போடுறதுக்கு என்ன கேடு உனக்கு? இன்னைக்கு ஒரு நாள்தான பாக்கி?”

கட்டில் கால் டக் என்றது.

“நீ இன்னும் பேப்பரே எடுக்கலியா?”

“எதுக்கு?”

“ஷிப்ட் முடியறப்ப உன் டிபன் பையில போட்டேன்யா. பேப்பருக்கு அடியில. வேன்ல ஏறினதும் எப்பவும் பேப்பரைத்தான எடுப்பே. கையில குடுத்தா சோதனை கெட்டுப் போயிடும்னு பாடம் எடுப்பே. மூணு மணிக்குத் திருப்பிக் குடுக்கணுமே, ஒரு நாளாவது போட்டுட்டு வரட்டும்னு பாத்தா, நீ என்னடான்னா வழியெல்லாம் என்னையே மொறைச்சுக்கிட்டு வர்றே. நானும் எடுப்பே எடுப்பேன்னு சிரிச்சுக்கிட்டே வர்றேன்.”

சமையல் மேடையில் டிபன் பை அப்படியே கிடந்தது. பேப்பருக்கு அடியில், அவனுடைய சிவப்புக் கட்டம் போட்ட துண்டில் சுற்றி, காது கம்பி வளையாமல் மடித்து வைத்திருந்தான். துடைத்தும் வைத்திருக்கிறான். வெங்காய வாடை லேசாக இருந்தது. திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டேன். அட்டை ஓட்டையிலிருந்து நீண்ட வெயில் கம்பி தேன் நிறத்துக்கு மாறி, கூர் மழுங்கி, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி இடுப்பில் கிடந்தது. நன்றாகத்தான் இருந்தது. இவ்வளவு நாள் இவன் இதற்குள்தான் இருந்திருக்கிறான். நன்றி என்று தோன்ற வேண்டிய இடத்தில் எனக்கு என்ன தோன்றியது என்றால், ஒரு நாள் தூக்கத்தை எடுத்து இன்னொருத்தன் பையில் போடுகிற மனசு, அதுவும் இவனுக்கே போயிருக்கிறதே என்றுதான். அதற்குச் சீட்டுகூடப் போடவில்லை. கவரே கிழிக்கவில்லை. நேராக அவன் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

“சவரி.”

“ம்.”

“உன் ஏட்டுல நான் ஒழுங்கா எழுதலைய்யா. ஆறரைன்னு நீ சொன்னா அஞ்சுன்னு எழுதினேன். எனக்குக் கூட்டி எழுதினேன். ஆரம்பத்துல நாலு நாளு சரியா எழுதினேன், அப்புறம் எல்லாம் பொய். கேக்குதா? வேற ஒண்ணுமில்ல, பொறுக்கல. நீ தூங்குறது எனக்குப் பொறுக்கல. உண்மை வேற நோட்டுல இருக்கு. மூணு மணிக்கு அந்தம்மாகிட்ட ரெண்டையும் குடுக்கப் போறேன். உனக்கு என்ன சொல்லணுமோ சொல்லிடு.”

சுவரில் காதை வைத்துக் காத்திருந்தேன். திட்டுவான், சிரிப்பான், “இம்புட்டுதானா வாத்தியாரே” என்பான், எதற்கும் தயாராகத்தான் இருந்தேன். முதலில் ஒரு சீறல் வந்தது. பிறகு நிறுத்தம். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பெல்ட் மாட்டியது.

எந்த இடத்தில் தூங்கிப்போனான் என்று தெரியவில்லை, அஞ்சு என்றதிலா, பொறுக்கல என்றதிலா. மூணு மணிக்கு அந்த அம்மா முன்னால் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொல்ல வேண்டும், இவன் விழித்துக்கொண்டு கேட்கும்படி. ஆரஞ்சு கண்ணாடியைக் கழற்றாமலே கடிகாரத்தைப் பார்த்தேன். அவனுடைய ஏட்டை எடுத்து, கறுப்புப் பேனாவால் எண்பத்து நாலாவது வரியில் எழுதினேன்: தூங்க ஆரம்பித்தது பத்து மணி ஐந்து நிமிடம். இன்று கண்ணாடி அணியவில்லை, இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார். என் ஏட்டின் கடைசி வரியில் நீலப் பேனாவால், இதுவரை தூக்கம் இல்லை, என்று எழுதிவிட்டு, ரெண்டு ஏட்டையும் கட்டம் போட்ட நோட்டையும் டிபன் பையில் வைத்தேன். பிறகு படுத்து, எப்போது நிற்கிறது என்று குறித்துக்கொள்வதற்காக, அவன் குறட்டையைக் கேட்கத் தொடங்கினேன்.